டிரம்மிலிருந்து எழுந்த கடல்கன்னி: ஹைட்டியின் வெட்டு எஃகுச் சிற்பம், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெட்டு எஃகுச் சிற்பம் என்றால் என்ன?

காலி எண்ணெய் டிரம்மைப் பிரித்துத் தகடாக்கி, சுத்தியலும் உளியும் கொண்டு அதிலிருந்து உருவம் வெட்டி எடுப்பது. வெல்டிங் கிடையாது, கேஸ் கட்டர் கிடையாது, வார்ப்பும் கிடையாது. கரீபியன் கடலிலுள்ள ஹைட்டி நாட்டில், தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸுக்கு வடகிழக்கே சுமார் 13 கிலோமீட்டரில் குருவா-தே-பூக்கே என்றோர் ஊர். அந்த ஊரும் அதைச் சேர்ந்த நோஆய் பகுதியும்தான் இந்தக் கலையின் தாய்வீடு.

பிரெஞ்சில் இதை 'ஃபேர் தெகூப்பே' என்பார்கள், அதாவது வெட்டிய இரும்பு. பெயர்தான் இரும்பு; பொருள் கார்பன் குறைந்த எஃகு. நம் ஊர்க் கடையில் சி.ஆர். ஷீட் (குளிர் நிலையில் உருட்டிய எஃகுத் தகடு) என்று கேட்டு வாங்கும் அதே இனம். கார்பன் குறைவு என்பதால்தான் உளி இறங்குகிறது, மடக்கினாலும் ஒடிவதில்லை.

இதைத் தொடங்கியவர் யார்?

ஜார்ஜ் லியோட்டோ (1899–1991). குருவா-தே-பூக்கேயில் பிறந்தவர், தொழிலால் கொல்லர். சர்க்கரைக் கம்பெனியின் ரயில் பாதையில் பழுதுபார்க்கும் வேலை செய்துவிட்டு, சொந்த ஊரில் பட்டறை போட்டார். விவசாயக் கருவிகள், மாட்டுக்குச் சூடுபோடும் முத்திரைக் கம்பிகள், கல்லறைக்கு வைக்கும் இரும்புச் சிலுவைகள் என்று ஊருக்கு வேண்டியதையெல்லாம் அடித்துக்கொடுத்தார்.

அந்தச் சிலுவைகள்தான் அவரை வெளியே கொண்டுவந்தன. டெவிட் பீட்டர்ஸ் என்ற அமெரிக்க ஓவியர் ஆங்கிலம் கற்பிக்க ஹைட்டிக்கு வந்தவர். 1944இல் போர்ட்-ஓ-பிரின்ஸில் 'சாந்த்ர் தார்' என்ற கலை மையத்தைத் தொடங்கினார். 1953இல் குருவா-தே-பூக்கே இடுகாட்டில் நின்ற சிலுவைகளைப் பார்த்து, செய்தவரைத் தேடிப் போனார். அப்போது லியோட்டோவுக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. பீட்டர்ஸ் தூண்டியதன் பேரில் முதலில் அலங்காரச் சிலுவைகள், பிறகு தனி உருவங்கள், அதன் பிறகு டிரம் தகட்டில் வெட்டிய தட்டை உருவங்கள் என்று நகர்ந்தார்.

"வெளிநாட்டுக்காரர் கண்டெடுத்த கலைஞர்" என்று கதை சொல்வது வழக்கம். அது பாதிதான் சரி. பீட்டர்ஸ் வாங்க ஆள் காட்டினார். கோடு லியோட்டோவின் கையில் முன்பே இருந்தது. இடுகாட்டுச் சிலுவையில் அவர் வளைத்த சுருள்களைப் பார்த்தாலே அது விளங்கும்.

ஏன் டிரம்? புதுத் தகடு வாங்கக் கூடாதா?

விலைதான் காரணம். எண்ணெயும் ரசாயனமும் கப்பலில் டிரம்மாக வந்து இறங்கும் நாட்டில் காலி டிரம் மலிவு, புதுத் தகடு எட்டாத விலை. ஆனால் பழக்கமாகிப்போன பிறகு டிரம்மே கலையின் அளவுகோலாகிவிட்டது.

200 லிட்டர் டிரம்மின் உள்விட்டம் ஏறக்குறைய 57 செ.மீ., உயரம் 85 முதல் 88 செ.மீ. வட்டமான இரண்டு மூடிகளும் தனித்தனியே 57 செ.மீ. வட்டத் தகடாகின்றன. உடம்பை விரித்தால் சுமார் 180 செ.மீ. நீளம், 87 செ.மீ. அகலம். கடைகளில் ஹைட்டி எஃகுச் சிற்பம் ஏன் எப்போதும் 23 அங்குல வட்டமாகவோ 34 அங்குல உயரமாகவோ இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான்: 23 மூடியின் விட்டம், 34 டிரம்மின் உயரம். சூரியன், நிலா, கண்ணாடிச் சட்டம் எல்லாம் மூடியில் பிறந்தவை. நெடிய மரமும் கடல்கன்னியும் உடம்பில் பிறந்தவை.

டிரம் எப்படித் தகடாகிறது?

முதலில் மேல், கீழ் இரண்டு மூடிகளையும் விளிம்பு மடிப்புக்கு உட்புறமாக உளி வைத்து வெட்டி எடுக்கிறார்கள். இரண்டு வாயும் திறந்த குழாய் கிடைக்கிறது. உள்ளே காய்ந்த வாழைச் சருகையோ கரும்புச் சோகையையோ அடைத்துக் கொளுத்துகிறார்கள். பெயின்ட், உள்பூச்சு, எண்ணெய்க் கசடு எல்லாம் எரிந்துபோகும். முடிந்த வேலையில் தெரியும் கருநீலச் சாயலும் இந்தத் தீ விட்டுச்சென்றதுதான்.

இந்த வரிசை மாறக் கூடாது. மூடி திறக்காத டிரம்மைச் சூடாக்கினால் உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும்.

ஆறிய பிறகு பக்கவாட்டுப் பற்றவைப்புத் தையலை ஒட்டி மேலிருந்து கீழாக ஒரே கோட்டில் பிளக்கிறார்கள். தையல் மீதே வெட்டினால் உளி மழுங்கும். பிறகு ஒருவர் உள்ளே இறங்கி, காலால் ஒரு பக்கத்தை மிதித்துக் கையால் மறுபக்கத்தைத் தள்ளி, உடம்பின் எடையைக் கொடுத்து விரிக்கிறார். அப்புறம் சம்மட்டி. டிரம்மின் இடுப்பைச் சுற்றி இரண்டு புடைப்பு வளையங்கள் ஓடும்; உருட்டும்போது தரையில் படுபவை அவைதான். அவற்றை அடித்துச் சமப்படுத்துவதுதான் கடினம். எவ்வளவு அடித்தாலும் மங்கலாக இரண்டு கோடுகள் மிஞ்சும். தேர்ந்த கை அந்தக் கோடு விழும் இடத்தில் இலைக்கொத்தையோ துளை வரிசையையோ வைத்து மறைத்துவிடும்.

உருவம் வெட்டுவது எப்படி?

சாக்பீஸால் தகட்டின் மேல் வரைகிறார்கள். திரும்பத் திரும்பச் செய்யும் வேலைக்கு வெட்டி வைத்த தகட்டு மாதிரியைப் பதித்து ஓரம் இழுப்பதும் உண்டு.

கருவிகள் கொஞ்சம்தான்: நேர்வாய் உளிகள் சில அகலங்களில், வளைவுக்குப் பிறைவாய் உளி, புள்ளிக்குத் துளையாணி, வாய் மழுங்கிய உளி ஒன்று, கனமான சுத்தியல், உருண்டைத் தலைச் சுத்தியல், அரம். எம்.எஸ். (மென் எஃகு) தகட்டுக்கு உளியின் வாய்க்கோணம் 60 டிகிரி அளவில் இருப்பது நல்லது. அதற்குக் கூர்மையானால் வாய் மடங்கும். மழுங்கலானால் வெட்டாமல் நசுக்கும்.

கோட்டின் மேல் உளியை நிறுத்தி முதல் சுற்றில் மென்மையாகத் தட்டித் தடம் போட வேண்டும். இரண்டாம் சுற்றில்தான் வெட்டு. ஒவ்வோர் அடிக்கும் உளியை அதன் அகலத்தில் பாதி மட்டும் நகர்த்துவது வழக்கம். புது வெட்டின் பாதி பழைய தடத்துக்குள் உட்காருவதால் கோடு தொடர்ந்து ஓடும். முழு அகலத்துக்கு நகர்த்தினால் இரண்டு வெட்டுக்கு நடுவே மயிரிழை ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது கிழிந்து பல்பல்லாக நிற்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 மி.மீ. உளி, அடிக்கு 10 மி.மீ. நகர்வு. ஒரு மரமும் நாலு பறவையும் உள்ள வடிவத்தில் மொத்தக் கோடு 12 மீட்டர் வந்தால் 1,200 நிறுத்தங்கள். தடத்துக்கு ஓர் அடி, வெட்டுக்கு இரண்டு என்றாலும் 3,600 அடிகள். புடைப்பு வேலையும் அரம் போடுவதும் தனி.

வரிசையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. உள்ளே உள்ள சின்னத் துளைகள் முதலில், பெரிய துளைகள் அடுத்து, வெளிக்கோடு கடைசியில். வெளிக்கோட்டை முதலில் வெட்டிவிட்டால் தகடு தளர்ந்து துள்ளும். அதன் பிறகு உள்ளே அடிக்கும் ஒவ்வோர் அடியும் சுற்றியுள்ளதை நெளிக்கும்.

வெட்டி முடித்ததும் தகட்டைக் குப்புறப் போட்டு, பின்னாலிருந்து உருண்டைத் தலைச் சுத்தியலால் தட்டினால் கன்னம், மார்பு, பழம், பறவையின் வயிறு எல்லாம் முன்பக்கம் புடைத்து வரும். இலை நரம்பு, இறகு, தலைமுடி ஆகியவற்றை முன்பக்கமிருந்து மழுங்கிய உளியால் அழுத்துவார்கள். ஓரப் பிசிறை அரம் போட்டு எடுத்து, கம்பி பிரஷால் தேய்த்து, நிறமற்ற வார்னிஷ் அடித்தால் வேலை முடிந்தது.

எங்கே வேலை கெடும்?

பாதிக்கு மேல் கெடுவது வரைபடத்தில்தான். துளைகளுக்கு நடுவே வெட்டாமல் விடும் பாலம் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்தால், இருபுறமும் உளி இறங்கும்போது அது முறுக்கிக்கொள்ளும் அல்லது அறும். தகட்டில் எல்லாமே எங்காவது ஒட்டியிருக்க வேண்டும்; தனியாக மிதக்கும் கண்மணி கிடையாது. பறவையின் அலகு கிளையைத் தொடுவதும், கடல்கன்னியின் கூந்தல் மீனாக மாறி அவள் வாலோடு சேர்வதும் கற்பனை மட்டுமல்ல, பாலம் தேடும் வழியும்தான். லியோட்டோவின் பெரிய பலம் இங்கேதான் என்பது எங்கள் கருத்து. அவருடைய பாலங்கள் பாலம் என்று கண்ணில் படாது.

அடுத்தது 'டப் டப்' என்று உள்ளும் வெளியும் துள்ளும் தகடு. நடுப்பகுதியை அதிகம் அடித்தால் அங்கே உலோகம் விரியும். சுற்றியுள்ள பகுதி விரியாமல் இறுக்கிப் பிடிக்க, நடு எங்கும் நிலைக்காமல் ஆடும். மேலும் நடுவில் அடித்தால் இன்னும் கெடும். சுற்றுப் பகுதியைத் தட்டி விரித்துச் சமன் செய்ய வேண்டும்.

மூன்றாவது, அடியில் வைக்கும் தாங்கல். கடினமான பட்டறைக்கல் (கொல்லர் மேலே வைத்து அடிக்கும் எஃகுக் கட்டி) மேல் வைத்து வெட்டினால் தகட்டைத் தாண்டிய உளி கல்லில் மோதி வாய் உடையும். மென் எஃகுப் பாளம் ஒன்றையோ, நிற்கவைத்த மரக்கட்டையின் தலைப்பக்கத்தையோ பயன்படுத்துங்கள்.

உருவங்கள் எதைக் குறிக்கின்றன? 'வூடு' என்றால் மாந்திரீகமா?

மாந்திரீகம் சினிமா கட்டிய கதை. 'வூடு' என்று வெளியே சொல்லப்படும் வோடு, ஹைட்டி மக்களின் மதம். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிபாட்டில் வேர் விட்டு, கத்தோலிக்கத்தோடு கலந்து வளர்ந்தது. அதன் தெய்வங்கள் 'ல்வா' எனப்படுவார்கள். லசிரேன் கடலுக்குரிய கன்னி. சிற்பங்களில் அதிகம் வருபவள் அவள். லெக்பா வாசலையும் நாற்சந்தியையும் காப்பவர். தம்பாலா பாம்பு. ஓகூ இரும்புக்கும் போருக்கும் உரியவர், ஆகவே கொல்லர்களின் தெய்வம். இடுகாட்டுக்கு அதிபதி பாரோன் சம்தி. அவருடைய அடையாளம் சிலுவை. லியோட்டோவின் கல்லறைச் சிலுவைகளை அந்த ஊர்க்காரர் இரண்டு விதமாகவும் படிக்க முடிந்தது இதனால்தான்.

சடங்கின்போது சோள மாவை விரலிடுக்கில் விட்டுத் தரையில் 'வேவே' என்ற சின்னம் வரைவார்கள். நாம் கோலம் போடும் அதே கைவாகு. நடுக்கோட்டுக்கு இருபுறமும் ஒத்த சுருள்கள், நட்சத்திரங்கள், இதயங்கள். இந்தக் கோட்டு மரபுதான் தகட்டில் வெட்டாக இறங்கியது. கிறிஸ்தவக் கதைகளும் ஏராளம்: ஆதாம் ஏவாள், சிலுவையில் அறைதல். இன்று அதிகம் விற்பது சமயச் சார்பில்லாத வாழ்வு மரமும் பறவைகளும்.

லியோட்டோவுக்குப் பிறகு யார்?

முரா பிரியேர் (1938–1988) உருவத்துக்குள் உருவம் வைத்தவர். ஒருவர் உடம்பு இன்னொருவர் உடம்பாகத் தொடரும், வயிற்றுக்குள் சிசு தெரியும். லூயிஜுஸ்த் சகோதரர்களான ஜான்வியே, ஜோசஃப், செரெஸியே மூவரும் பட்டறைக் கல்வியைப் பரப்பியவர்கள். செரெஸியேயிடம் பயின்ற செர்ஜ் ஜோலிமோ (பிறப்பு 1952) வழவழப்பான நீண்ட கோடுகளுக்கும் நுண்ணிய துளை வேலைக்கும் பேர்போனவர்.

கப்ரியேல் பியேனெமே (பிறப்பு 1951) மோட்டார் மெக்கானிக்காக இருந்து, ஜான்வியேயிடம் தொழில் கற்றவர். அவர் செய்த மாற்றம் பார்க்க எளிது, செய்வது கடினம்: தகட்டில் மூன்று பக்கம் வெட்டி நாலாவது பக்கத்தை ஒட்டியே விட்டு, அந்த நாக்கை முன்னால் மடக்குவது. கை தகட்டைவிட்டு வெளியே நீளும், இறக்கை விரியும். ஒட்டு ஏதுமில்லை, அதே தகடுதான். மடிப்பின் இரு முனையிலும் சிறு துளை போட்டுக்கொள்ளாமல் மடக்கிப் பாருங்கள், அந்த மூலையிலிருந்து கீறல் ஓடும்.

கையெழுத்து இருந்தால் அவரே செய்தது என்று அர்த்தமா?

அப்படிக் கொள்ள வேண்டாம். பட்டறைத் தலைவர் வரைவார், தொழில் பழகுபவர்கள் வெட்டுவார்கள், முகத்தையும் புடைப்பையும் தலைவர் முடிப்பார். உளியால் பொறித்த பெயர் பெரும்பாலும் பட்டறையின் பெயர் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஓவியக்கூடங்களிலும் இதே நடைமுறைதான். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏற்றுமதிக்காக ஒரே மாதிரியை வைத்து நூற்றுக்கணக்கில் வெட்டியதைத் தனிச் சிற்ப விலைக்கு வாங்குவதுதான் நஷ்டம்.

லேசரில் வெட்டியதா, கையால் வெட்டியதா? எப்படித் தெரியும்?

திருப்பி ஓரத்தைத் தடவிப் பாருங்கள். உளி வெட்டில் முன்பக்க ஓரம் லேசாக உள்ளே சரிந்து வழுவழுப்பாகவும், பின்பக்கம் பிசிறு தட்டியதாகவும் இருக்கும். வளைவுகளில் குட்டிக் குட்டி நேர்கோடுகள் சேர்ந்தது தெரியும். லேசர் வெட்டின் ஓரம் செங்குத்தாக, நெருங்கிய நேர்வரிகளோடு, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கும். ஒத்த இரண்டு இலைகளை ஒப்பிடுங்கள். கைவேலையில் அச்சாக ஒன்றுபோல் இருக்காது. டிரம் வளையத்தின் மங்கிய கோடு தெரிந்தால் அது டிரம் தகடுதான். ஆனால் தெரியவில்லை என்பதற்காக ஒதுக்கிவிடாதீர்கள், மூடியில் வெட்டியதில் அந்தக் கோடே இராது.

வீட்டில் செய்து பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் பழைய டிரம்மில் வேண்டாம். பெட்ரோல், தின்னர் இருந்த காலி டிரம் நிறைந்த டிரம்மைவிட அபாயம். அடியில் தங்கிய ஆவி காற்றோடு கலந்து, கிரைண்டரின் ஒரு பொறியில் வெடிக்கும். பூச்சிமருந்து, அமிலம் இருந்தவற்றைத் தொடவே வேண்டாம். உள்பூச்சு எரியும் புகையும் நச்சு. கால்வனைஸ் தகட்டைத் தீயில் காட்டினால் துத்தநாகப் புகை காய்ச்சல் தரும்.

கடையில் 20 கேஜ் சி.ஆர். ஷீட் (சுமார் 0.9 மி.மீ.) 30 x 30 செ.மீ. வாங்குங்கள். 18 கேஜ் (சுமார் 1.2 மி.மீ.) கை பழகிய பிறகு. 20 மி.மீ., 10 மி.மீ. உளிகள் இரண்டு, 800 கிராம் சுத்தியல், அரைவட்ட அரம் போதும். முதல் வடிவம் ஒரே மீனாக இருக்கட்டும்: கண் ஒரு துளை, செவுள் ஒரு வளைவு, செதிலுக்கு அழுத்தக் கோடுகள். பாதுகாப்புக் கண்ணாடியும் காதடைப்பும் கட்டாயம். அடி வாங்கி வாங்கி உளியின் தலை காளான்போல் விரிந்துவிட்டால் தேய்த்துச் சரிசெய்யுங்கள். அதிலிருந்து தெறிக்கும் சில்லு கண்ணைக் குறிவைக்கும். வெட்டிய ஓரம் பிளேடுக்குச் சமம். அரம் போட்டு முடிக்கும்வரை கையுறையைக் கழற்ற வேண்டாம்.

எடை எவ்வளவு வரும்? எப்படி மாட்டுவது?

பரப்பு (சதுர மீட்டரில்) x தடிமன் (மி.மீ.இல்) x 7.85 = எடை (கிலோவில்). 57 செ.மீ. வட்டம், 1 மி.மீ. தடிமன் என்றால் முழுத் தகடு 2 கிலோ. பாதி வெட்டுப்போனால் 1 கிலோ. டிரம் உடம்பு முழுதும் சுமார் 12 கிலோ. சிறியதற்கு ஓர் ஆணி போதும். பெரியதற்கு ராவல் பிளக் வைத்து இரண்டு ஸ்க்ரூ.

சுவரோடு ஒட்டி மாட்டாதீர்கள். பின்னால் ரப்பர் வாஷர் வைத்து ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். காற்று போகும், சுண்ணாம்புச் சுவரில் துருக்கறை இறங்காது. பக்கவாட்டு விளக்கொளியில் நிழல் இரண்டாவது சிற்பமாக விழும்.

துரு பிடித்தால்?

கடலோர ஊர்களில் பிடிக்கத்தான் செய்யும். உலர்ந்த துணியால் மட்டும் துடையுங்கள். ஈரத்துணி, வினிகர், எலுமிச்சை வேண்டாம், துடைத்த மறுநாளே செம்மை படரும். புள்ளித் துருவுக்கு மிக மெல்லிய எஃகுப் பஞ்சில் இரண்டு சொட்டு மெஷின் ஆயில் விட்டு வட்டமாகத் தேயுங்கள். எண்ணெயை மினரல் டர்பென்டைனால் முழுக்க எடுத்து, உலர்ந்ததும் மேட் வார்னிஷ் இரண்டு கோட்டு அடியுங்கள். பின்பக்கத்தை முதலில் அடியுங்கள். எல்லோரும் மறப்பது அதைத்தான். துரு தொடங்குவதும் அங்கேதான். வார்னிஷுக்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மெழுகு பூசினால் போதும். வெளிமுற்றத்தில் வைத்தால் துருவை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

இப்போது நோஆயில் பட்டறைகள் நடக்கின்றனவா?

2010 ஜனவரி 12 நிலநடுக்கத்தில் சாந்த்ர் தார் கட்டடம் இடிந்தது; இடிபாட்டிலிருந்து பல படைப்புகளை மீட்டார்கள். பட்டறைகள் அதிலிருந்து எழுந்தன. அதைவிடப் பெரிய அடி பிறகு வந்தது. அண்மை ஆண்டுகளில் குருவா-தே-பூக்கே பகுதி ஆயுதக் கும்பல்களின் பிடிக்குள் போனது. வாங்க வருபவர்கள் நின்றார்கள், சாலை அபாயமானது, கைவினைஞர்கள் பலர் குடும்பத்தோடு வெளியேறினார்கள். வேலை அறவே நிற்கவில்லை. போன இடத்தில் தகடு கிடைத்தால் வெட்டுகிறார்கள். ஆனால் ஒரு தெருவில் நாலு பட்டறை, பக்கத்துப் பட்டறைச் சத்தம் கேட்டுச் சிறுவன் தொழில் பழகுவது என்ற அமைப்பு குலைந்திருக்கிறது.

வண்ணம் பூசியது வாங்கலாமா, வெறும் எஃகா?

வண்ணப் பல்லிகளும் பட்டாம்பூச்சிகளும் சந்தைக்காக வந்தவை. குழந்தைகள் அறைக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் உளி வெட்டின் தரம் பெயின்டுக்கு அடியில் ஒளிந்துவிடும். மோசமான ஓரமும் தெரியாது, நல்ல ஓரமும் தெரியாது. இரண்டும் ஒரே விலை என்றால் வெறும் எஃகை எடுங்கள். வண்ணம் பூசியதை எடுத்தால் துளைகளின் உள்ஓரத்தைப் பாருங்கள்: அங்கே பெயின்ட் ஏறாமல் விட்டிருந்தால் ஒரு மழைக்காலத்தில் அதன் வழியாகவே துரு நுழைந்து மேல்பூச்சைக் கிளப்பிவிடும்.